படத்துக்கு எடை கிடையாது

பழைய நாணயம் ஒன்றின் மெய்ம்மையை உறுதிசெய்ய நோட்டக்காரர்கள் வழிவழியாகக் கைக்கொண்டுவந்த அடையாளங்களான உள்ளங்கையில் உணரப்படும் கனம், கல்லின்மீது போட்டால் எழும் ஓசை, விரல் நுனியில் தட்டுப்படும் விளிம்பின் கூர்மை, துணியால் துடைக்கும்போது களிம்பு காட்டும் பிடிவாதம் ஆகிய அனைத்தும், நாணய வணிகம் இணையத்துக்கு இடம்பெயர்ந்த பிறகு வாங்குபவரின் கையை விட்டுப் போய்விட்டன. எஞ்சி நிற்பவை முன்பக்கத்துக்கு ஒன்றும் பின்பக்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு ஒளிப்படங்களும், அவற்றுக்குக் கீழே விற்பவர் எழுதும் சில வரிகளும்தாம். வாங்கியும் விற்றும் பிறருக்காக நோட்டம் பார்த்தும் இத்துறையில் பல பத்தாண்டுகள் பழகியவர்கள், இந்த இழப்பால் நேரும் தீங்கு எல்லாப் போலிகளிலும் ஒரே அளவினதன்று என்பதை அறிவார்கள். முழுக்கப் போலியாகச் செய்யப்பட்ட நாணயம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கைக்கு வந்த அன்றே ஏதேனும் ஒரு சோதனையில் தோற்றுவிடுகிறது. மெய்யான நாணயத்தில் ஓர் எண்ணையோ ஒரு புள்ளியையோ மட்டும் மாற்றிச் செய்யப்படும் புரட்டோ எடையிலும் உலோகத்திலும் ஓசையிலும் தேறிவிடுவதால், கைக்கு வந்து ஆண்டுகள் பல கழிந்த பின்னும் பெட்டிக்குள் மதிப்போடு கிடக்கிறது.

இக்கட்டுரையாளர் தொழில் பழகிய காலத்தில் சென்னையில் பழங்காசு தேடுவோர் முதலில் சென்ற இடம், 1985-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் தீக்கிரையான மூர் மார்க்கெட் ஆகும். அங்கு நாணயம் விற்றவர்களுள் பெரும்பாலோர் ஏடு படித்தவர்கள் அல்லர் என்றாலும், வெள்ளி ரூபாயைச் சுண்டிவிட்டு அதன் நாதம் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதைக் கொண்டே ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்த கள்ள ரூபாயை ஒதுக்கிவிடக் கூடியவர்களாக இருந்தனர். ஆங்கிலேயர் காலத்து ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம் எடையுள்ளதாக வரையறுக்கப்பட்டிருந்தமையால், நகைக்கடைத் தராசில் அதுவே எடைக்கல்லாகவும் பயன்பட்டது. நாட்டு வைத்தியர்கள் மருந்துச் சரக்கை ரூபாய் எடைக் கணக்கில் நிறுத்ததும் அதனாலேயே. தேய்ந்த ரூபாய் இதைவிடச் சற்றுக் குறையலாமே தவிர மிகாது என்ற எளிய விதியை மட்டும் அறிந்திருந்தவர்கள்கூட அன்று பெரும் இழப்பிலிருந்து தப்பினர்.

எடைக்கு அடுத்த சோதனை நீரில் நிறுப்பது. பொருளைக் காற்றில் ஒருமுறையும், நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு மறுமுறையும் நிறுத்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு அதன் அடர்த்தியைக் கணக்கிட்டுவிடலாம். 1939-ஆம் ஆண்டு வரையிலான ரூபாயில் வெள்ளி 91.7 விழுக்காடு, மீதி செம்பு. இக்கலவையின் அடர்த்தி ஏறத்தாழ 10.3 என்பதால் 11.66 கிராம் ரூபாய் நீரில் சுமார் 1.13 கிராம் எடை இழக்க வேண்டும். வெள்ளியே கலவாத, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த ஜெர்மன் சில்வரில் அதே எடைக்கு ஒரு காசு அடித்தால் இழப்பு 1.3 கிராமைத் தாண்டிவிடும். போலி செய்பவர் எடையைச் சரிசெய்தால் கனபரிமாணம் பிசகுகிறது. விட்டமும் தடிமனும் சரியாக அமைந்தால் எடை குறைகிறது. இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மின்னணுத் தராசும் ஒரு டம்ளர் நீரும் போதும் என்பதால், அஞ்சலில் வரும் வெள்ளி நாணயம் எதையும் இச்சோதனைக்கு உட்படுத்தாமல் ஏற்பதற்கு நியாயம் ஏதுமில்லை. காந்தத்தால் சோதிப்பதும் பயனுள்ளதே. ஆனால் 1947-ஆம் ஆண்டின் ரூபாய் நிக்கலால் ஆனது என்பதை மறந்து, அது காந்தத்தில் ஒட்டிக்கொண்டதைக் கண்டு போலி என்று திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

ஈபே நிறுவனம் 2004-இல் பாஸி இணையதளத்தை வாங்கி இந்தியாவில் கால்பதித்தபோது, ஊர் ஊராக அலைந்து தேட வேண்டியிருந்த காசுகள் வீட்டிலிருந்தபடியே பார்வைக்கு வந்தன. ஈபேயின் இந்தியக் கிளை 2018-இல் மூடப்படுவதற்கு முன்பே, வணிகத்தின் பெரும்பகுதி முகநூல் குழுக்களுக்கும் வாட்ஸ்அப் ஏலங்களுக்கும் நகர்ந்துவிட்டது. இந்த நகர்வு பலரும் கருதுவதைவிட முக்கியமானது. பழைய ஏலத்தளத்தில் விற்பவரின் முந்தைய விற்பனைகளும் அவற்றுக்கு வாங்கியவர்கள் கூறிய கருத்துகளும் எல்லாருக்கும் தெரியும்படி கிடந்தன. வாட்ஸ்அப் ஏலத்திலோ படம் வருகிறது, பத்து நிமிடத்தில் விலை முடிகிறது, யுபிஐ வழியாகப் பணம் போய்விடுகிறது, மறுநாள் அந்தப் படமே அழிக்கப்பட்டுவிடுகிறது. வல்லுநர் ஒருவரிடம் காட்டிக் கேட்பதற்கு வேண்டிய அவகாசத்தை இந்த வேகம் இல்லாமல் ஆக்கிவிட்டது என்பதே நோட்டம் பார்ப்பவர்களின் முதன்மையான குறை.

ஆண்டெண்ணைத் திருத்தும் புரட்டுக்குத் தக்க எடுத்துக்காட்டு ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939-ஆம் ஆண்டு ரூபாய். 1938, 1939 ஆகிய இரு ஆண்டெண்களும் பொறித்த ரூபாய்கள் பம்பாய் நாணயச்சாலையில், ஒரே எடையிலும் ஒரே வெள்ளித் தரத்திலும், விளிம்பில் ஒரே வகையான நேர்வரிகளுடனும் அடிக்கப்பட்டவை. 1940 முதல் வெள்ளி 50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டு விளிம்பின் அமைப்பும் மாற்றப்பட்டது. 1938 எளிதில் கிடைக்கும். 1939 மிக அரிது. ஆகவே 1938-இன் கடைசி 8-இல் கீழ்ச்சுழியின் இடப்புறச் சுவரை ஊசிமுனைக் கருவியால் சுரண்டி எடுத்துவிட்டால் 9 பிறந்துவிடுகிறது. எடை மாறுவதில்லை, அடர்த்தி மாறுவதில்லை, ஓசையும் மாறுவதில்லை. கோவையைச் சேர்ந்த சேகரிப்பாளர் ஒருவர் இத்தகைய ரூபாயை எல்லாச் சோதனைகளும் செய்து தேறியதாகவே கொண்டுவந்தார். அவருடைய சோதனைகளில் பிழை எதுவும் இல்லை, அவை யாவும் வேறொரு வினாவுக்கு விடை கூறின என்பதுதான் சிக்கல். விடை அதே ஆண்டெண்ணுக்குள் இருந்தது. 1939 என்ற எண்ணில் இரண்டாம் இடத்திலும் ஒரு 9 நிற்கிறது. உருப்பெருக்கியின் கீழ் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து நோக்கியபோது, முன்னதன் வால் தடித்து வளைந்து முடிய, பின்னதன் வால் மெலிந்து அறுந்தாற்போல் நின்றது. அதைச் சுற்றிய தளம் மட்டும் மற்ற இடங்களைவிட அதிகமாக மினுங்கியது. சுரண்டிய தடத்தை மறைப்பதற்காகத் தேய்த்த மினுக்கம் அது.

இதிலிருந்து பெறப்படும் விதி எல்லாக் காலத்து நாணயங்களுக்கும் பொருந்தும். எழுத்தும் எண்ணும் தளத்திலிருந்து எழுந்து நிற்பவை. எழுந்து நிற்பதைச் சுரண்டி எடுப்பது எளிது, இல்லாததை எழுப்புவது கடினம். எனவே அரிய நாணயம் ஒன்று விலைக்கு வரும்போது, மலிவான எந்த நாணயத்திலிருந்து எதைக் கழித்தால் இது கிடைக்கும் என்று எண்ணிப் பார்ப்பது முதல் வேலை. குடியரசு இந்தியாவின் நாணயங்களில் ஆண்டெண்ணுக்குக் கீழே மும்பைக்கு வைரக்குறியும், ஐதராபாத்துக்கு நட்சத்திரமும், நொய்டாவுக்குப் புள்ளியும் இருக்கும். கொல்கத்தாவுக்குக் குறி எதுவுமில்லை. ஆகவே ஏதேனும் ஓர் ஆண்டில் கொல்கத்தா நாணயம் மட்டும் அரிதென்று பெயர்பெற்றுவிட்டால், வைரக்குறியைச் சுரண்டிய மும்பை நாணயங்கள் சில மாதங்களில் சந்தையில் பெருகுகின்றன. குறி இருந்த இடம் சற்றே குழிந்திருப்பதை நேர்வெளிச்சத்தில் எடுத்த படம் காட்டாது. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக விழும்படி எடுத்த படம் காட்டிவிடும். அப்படியொரு படம் கேட்டால் அனுப்பத் தயங்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911-ஆம் ஆண்டு ரூபாயில் இப்புரட்டு தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும் விதம் சுவையானது. அரசரின் அங்கியின்மீது கிடக்கும் விருதுச் சங்கிலியில் சிறு யானை உருவம் ஒன்று உண்டு. முதல் ஆண்டு அச்சில் அதன் துதிக்கை குறுகிப் பன்றி போலத் தோன்றியதால் இஸ்லாமியரிடையே எதிர்ப்பு எழுந்தது. வெளியீடு நிறுத்தப்பட்டு, அடித்தவற்றுள் பெரும்பகுதி உருக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலிருந்து துதிக்கை தெளிவாகத் தெரியும்படி யானை திருத்தப்பட்டது. பன்றி ரூபாய் என்று சேகரிப்பாளர்கள் வழங்கும் அந்த 1911 ரூபாய்க்கு விலை அதிகம் என்பதால், 1917-இன் 7-லிருந்து மேற்கோட்டை அகற்றி, சற்றே சாய்ந்து நிற்கும் 1 ஆக்கி விற்கிறார்கள். ஆண்டெண் இருப்பது பின்பக்கம். யானை இருப்பது முன்பக்கம். பின்பக்கத்தை மணிக்கணக்கில் உழைத்துத் திருத்தியவர், முன்பக்கத்தில் நீண்ட துதிக்கையோடு நிற்கும் யானையைப் பற்றி நினைப்பதே இல்லை. இணையத்தில் விலைக்கு வந்த ஒரு நாணயத்தில் யானை ஏன் நீண்ட துதிக்கையோடு இருக்கிறது என்று வினவப்பட்டபோது, அந்த ஆண்டிலேயே இரண்டு வகை யானையும் உண்டு என்று விற்பவர் விடையளித்தார். அவ்விடையை நம்பி வாங்கவும் ஒருவர் இருந்தார்.

இதே மன்னரின் 1921, 1922-ஆம் ஆண்டு ரூபாய்கள் இன்னும் எளிதில் பிடிபடும். அவை பம்பாயில் மட்டுமே அடிக்கப்பட்டவை. பம்பாய்க்கு அடையாளமாகப் பின்பக்கத்தின் அடியிலுள்ள மலருக்குக் கீழே சிறு புடைப்புப் புள்ளி இருக்கும். புள்ளியில்லாத 1922 ரூபாய் விலைக்கு வந்தால் அதன் ஆண்டெண்ணை உருப்பெருக்கியில் பார்க்கக்கூடத் தேவையில்லை.

தமிழ்நாட்டில் மிகுதியாகக் காணப்படும் மற்றொரு திருத்தம் ஏமாற்றும் நோக்கத்தில் தொடங்கியதன்று. வெள்ளி ரூபாய்க்கும் தங்கச் சவரனுக்கும் மேல்விளிம்பில் வளையம் பற்றவைத்துக் கழுத்தணியாக அணிவதும், காசுமாலையில் கோப்பதும் இங்கு நெடுநாளைய வழக்கம். அத்தகைய நாணயம் பிற்காலத்தில் விற்பனைக்கு வரும்போது வளையத்தை அறுத்து, பற்றவைத்த தடத்தை அரத்தால் தேய்த்து, விளிம்பின் வரிகளை மறுபடியும் வெட்டிவிடுகிறார்கள். நாணயம் மெய்யானதே; ஆயினும் சேகரிப்பாளரைப் பொறுத்தவரை அது உலோக விலைக்கு மேல் பெறாது. இணையப் படங்களில் நாணயத்தை மேற்புறம் விரலால் பிடித்துக் காட்டுவதையும், உச்சி மறையும்படி பிளாஸ்டிக் உறையில் வைத்துக் காட்டுவதையும் பழகிய கண்கள் உடனே கவனிக்கும். விளிம்பை முழுச்சுற்றாகக் காட்டும் சிறு காணொளி ஒன்றைக் கேட்டுப் பெறுவதே இதற்கு மாற்று. புளியும் திருநீறும் இட்டுத் துலக்கிய காசுகளையும் இவ்வகையில் சேர்க்கலாம். வெள்ளிக்கிழமைதோறும் பூசைப் பாத்திரத்தோடு சேர்த்துத் துலக்கப்பட்ட புதுக்கோட்டை அம்மன் காசுகள் பல, பிரகதாம்பாளின் முகமே மழுங்கித் தங்கம்போல் பளபளக்கின்றன; அவற்றைப் புழக்கத்துக்கே வராத புதுக்காசு என்று கூறி விற்கும் துணிவுதான் வியப்புக்குரியது.

சவரனைப் பற்றிக் கூடுதலாக ஒன்று கூறவேண்டும். 22 காரட் தங்கத்தில் 7.988 கிராம் எடையுள்ள இந்நாணயத்தைப் போலியாகச் செய்தவர்கள் பலர் தங்கத்தில் குறைவைக்கவில்லை என்பதால், உரைகல்லில் அது தேறிவிடும். பம்பாயில் இயங்கிய அரச நாணயச்சாலைக் கிளை 1918-ஆம் ஆண்டெண்ணுடன் மட்டுமே சவரன் அடித்தது. அதற்கு அடையாளம் இந்தியாவைக் குறிக்கும் ஐ என்ற ஒற்றை ஆங்கில எழுத்து. அவ்வெழுத்தோடு வேறு ஆண்டெண் காணப்பட்டால் அது தங்கமாக இருக்கலாம், பம்பாய்ச் சவரனாக இருக்க முடியாது.

சங்ககால நாணயங்களைப் பொறுத்தவரை நிலைமை வேறு. பெருவழுதி என்ற பெயர் தமிழ் பிராமியில் பொறிக்கப்பட்ட பாண்டியர் செப்புக்காசை நாணய ஆய்வாளர் ரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் வெளிப்படுத்தியதும், கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையிலிருந்து சேரர் காசுகள் தொடர்ந்து கிடைத்துவந்ததும், அதுவரை ஆய்வாளர்கள் மட்டுமே அறிந்திருந்த இச்சிறு செம்புத் துண்டுகளின்மீது பலருடைய கவனத்தைத் திருப்பின. ஆற்று மணலைச் சலித்துக் காசு எடுப்பவர்களிடமிருந்து நேரடியாக வாங்க முடிந்த காலத்தில், ஒரு கைப்பிடி தேய்ந்த காசுகளுக்கிடையே எழுத்துள்ள ஒன்று அகப்படுவது வாய்ப்பைப் பொறுத்தது. எழுத்துள்ள காசுக்கும் எழுத்தில்லாத காசுக்கும் விலையில் மலையளவு வேறுபாடு தோன்றிய பிறகு, எழுத்து எழுதப்படத் தொடங்கியது.

இங்கும் முதற்பொருள் மெய்யானது என்பதே கருதத்தக்கது. யானையும் சில குறிகளும் மட்டுமுள்ள தேய்ந்த காசை எடுத்து, யானைக்கு மேலுள்ள வெற்றிடத்தில் கூர்ங்கருவியால் எழுத்துகளை உருவாக்குகிறார்கள். அச்சில் அடிக்கப்பட்ட எழுத்து புடைத்து நிற்கும். வெட்டி எழுதும் எழுத்து குழிந்து போகும். தேர்ந்த கைவினைஞர் இதை அறிந்தவர் என்பதால் எழுத்தைச் சுற்றியுள்ள செம்பைத் தாழ்த்தி எழுத்தைப் புடைப்பாக்குகிறார். அப்போது எழுத்துகள் நிற்கும் தளம் யானை நிற்கும் தளத்தைவிடத் தாழ்ந்துவிடுகிறது. அதோடு ஈராயிரம் ஆண்டுகளாகப் படிந்த களிம்பு அவ்விடத்தில் மட்டும் அறுபடுகிறது. அறுபட்ட களிம்பை மூடுவதற்கு நவச்சாரமும் உப்பும் கலந்த ஈரமண்ணில் புதைத்துவைப்பது முதல் பச்சை வண்ணம் பூசுவது வரை பல உத்திகள் கையாளப்படுகின்றன. பூசிய வண்ணம் அசிட்டோனில் நனைத்த பஞ்சுக்கே கரைந்து வந்துவிடும். வேதிப்பொருளால் வரவழைத்த பச்சை தூள்தூளாக உதிரும். இயற்கையான களிம்போ செம்போடு ஒன்றி, கடினமாக, குண்டூசிக்கு மசியாமல் இருக்கும். ஆனால் இவையெல்லாம் காசு கையில் இருக்கும்போது செய்யக்கூடியவை. திரையில் பார்ப்பவருக்கு உதவுவது எழுத்தியல் அறிவு மட்டுமே. ஒரு காசின் வாசகத்தில் காலத்தால் இரு நூற்றாண்டு இடைவெளியுள்ள எழுத்து வடிவங்கள் அடுத்தடுத்து நின்ற படமொன்று சில ஆண்டுகளுக்கு முன் குழு குழுவாகச் சுற்றியது. எழுதியவர் இரண்டு நூல்களின் அட்டவணைகளைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். அக்காசின் அடிப்படையில் புதிய அரசன் ஒருவனையே கண்டுபிடித்துக் கட்டுரை எழுத முனைந்தவர்களும் இருந்தனர் என்பதை எண்ணும்போது, போலி நாணயத்தால் விளையும் கேடு வாங்கியவரின் பணத்தோடு நிற்பதில்லை என்பது விளங்கும்.

வார்ப்புப் போலிகளைக் கண்டறிவதில் இணையம் ஒரு வகையில் உதவியும் செய்கிறது. மெய்யான காசு ஒன்றைக் கொண்டு அச்செடுத்து வார்க்கும்போது, அக்காசிலிருந்த கீறலும் பள்ளமும் ஒவ்வொரு நகலிலும் அப்படியே பதிகின்றன. அச்சில் அடிக்கப்பட்ட இரண்டு காசுகள் உருவத்தால் ஒத்திருக்கலாம். புழக்கத்தில் பட்ட காயங்களாலும் ஒத்திருக்க முடியாது. முன்பு ஈரோட்டிலும் மதுரையிலும் வெவ்வேறு பெட்டிகளில் கிடந்த நகல்களை ஒருசேர வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எவருக்கும் இல்லை. இன்று இரண்டு விற்பனையாளர்களின் படங்களை அடுத்தடுத்து வைத்தால், அரசனின் காதருகே உள்ள அதே வெட்டு இரண்டிலும் தெரிந்துவிடுகிறது. இதன் பொருட்டுப் படங்களைத் தொகுத்துவைக்கும் பழக்கம் மூத்த சேகரிப்பாளர்களிடம் வேரூன்றியுள்ளது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரோடு 1616, 1717, 1818 போன்ற ஆண்டெண்கள் பொறித்து, இராமர் பட்டாபிஷேகமும் அனுமனும் காட்டும் செப்புக்காசுகள் நாணயங்களே அல்ல. எந்த அரசும் வெளியிடாதவற்றை நாணயம்போல் செய்த கற்பனைப் பொருள்கள். ஆங்கிலேயக் கம்பெனி இந்துக் கடவுளரைப் பொறித்திருக்காது என்று கூறி இவற்றை மறுப்பவர்கள் சரியான முடிவுக்குத் தவறான காரணம் காட்டுகிறார்கள், ஏனெனில் சென்னையில் கம்பெனி அடித்த மூன்று சுவாமி வராகனிலும் நட்சத்திர வராகனிலும் தெய்வ உருவங்கள் உண்டு. உண்மையான காரணம் அக்காசுகளில் எழுதியுள்ள மதிப்பிலேயே இருக்கிறது. கம்பெனி அரையணாவையும் காலணாவையும் செம்பில் அடித்தது. ஓரணா என்ற தனி நாணயம் ஏழாம் எட்வர்டு காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செம்பு நிக்கல் கலவையில்தான் வந்தது. ஆகவே கம்பெனிப் பெயரோடு செம்பில் ஓரணா என்பது பிறக்க வழியில்லாத காசு. இவற்றுக்கு அரிசியை இழுக்கும் ஆற்றல் உண்டென்று கூறி, இரிடியம் என்ற பெயரையும் சேர்த்து, பெருந்தொகை கறந்த கூட்டங்கள் தமிழ்நாட்டில் பலமுறை காவல்துறையிடம் சிக்கியுள்ளன. இரும்புத்தூள் ஒட்டிய அரிசியும் காந்தமும் அந்த வித்தைக்குப் போதுமானவை.

இதற்கு நேர்மாறான மூடத்தனத்தையும் குறிப்பிட வேண்டும். பத்து ரூபாய் நாணயத்தில் ரூபாய்க் குறியீடு இல்லையென்றும் கோடுகளின் எண்ணிக்கை மாறுகிறதென்றும் கூறித் தமிழ்நாட்டின் பல ஊர்களில் கடைக்காரர்கள் அதை வாங்க மறுத்தனர். 14 வடிவங்களில் அது வெளியிடப்பட்டுள்ளதாகவும் அனைத்தும் செல்லுமென்றும் இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்த பிறகும் சில ஊர்களில் மறுப்பு ஓயவில்லை. அதே பத்து ரூபாயில் நடுவட்டத்தை அழுத்திக் கழற்றி, தலைகீழாகப் பொருத்தி, நாணயச்சாலையின் அச்சுப்பிழை என்று கூறி ஆயிரக்கணக்கில் விலைவைத்தால் வாங்குவதற்கு ஆள் இருக்கிறது. அச்சுப்பிழை நாணயங்களுக்கான ஆர்வம் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெருகியதிலிருந்து, பட்டறையில் செய்யப்படும் பிழைகளும் பெருகிவிட்டன. இருபுறமும் தலை உள்ள நாணயம் என்பது பெரும்பாலும் இரண்டு நாணயங்களைக் கடைந்து ஒன்றுக்குள் ஒன்று செருகியது. விளிம்பின் உட்புறத்தை ஒட்டி மெல்லிய வட்டக்கோடு ஓடும், சுண்டினால் ஓசை எழாது. நாணயச்சாலையில் நேர்ந்த பிழைக்கு அங்குள்ள இயந்திரத்தின் செயற்பாட்டில் ஒரு விளக்கம் இருந்தாக வேண்டும் என்ற அளவுகோலை வைத்தால் இத்தகையவற்றுள் மிகச் சிலவே தேறும்.

முத்திரையிட்ட பிளாஸ்டிக் பேழைகளுக்குள் தரச்சான்றோடு வரும் நாணயங்கள் இக்கவலையைத் தீர்த்துவிட்டன என்று கருதப்படுகிறது. பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. ஆகிய அமெரிக்க நிறுவனங்களின் பேழைகளையே போலியாகச் செய்து, மெய்யான சான்று எண் ஒன்றை அதில் அச்சிட்டுவிடும் வழக்கம் வந்துவிட்டதால், எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தேடிச் சரிபார்ப்பதோடு நில்லாமல், அங்குள்ள படத்தின் நாணயமும் கையிலுள்ள நாணயமும் கீறலுக்குக் கீறல் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதும் இன்றியமையாததாகிவிட்டது.

விற்பவரின் மொழியைப் படிப்பதும் நோட்டம் பார்ப்பதில் ஒரு பகுதிதான். தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது, எனக்கு இதைப் பற்றி எதுவும் தெரியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்ற வாசகம் எச்சரிக்கைக்கு உரியது. ஒன்றும் அறியாதவராகக் காட்டிக்கொள்பவரிடமிருந்து அரிய பொருளை மலிவாகத் தட்டிச்செல்கிறோம் என்ற எண்ணத்தை வாங்குபவரின் மனத்தில் விதைப்பதற்காகவே அது எழுதப்படுகிறது. இருபது சாதாரண ரூபாய்களைப் பரப்பிவைத்து, ஒரு மூலையில் பாதி மறைந்தும் மறையாமலும் 1939 தெரியும்படி எடுத்த படம் இதன் முதிர்ந்த வடிவம். வாங்குபவர் அதைத் தாமே கண்டுபிடித்ததாக நினைக்கிறார். வாய்திறந்து கேட்டால் விற்பவர் விழித்துக்கொள்வாரோ என்று அஞ்சி, கூடுதல் படங்களைக் கேட்காமலேயே பணம் அனுப்புகிறார். இதற்கு மறுபக்கமாக, வைஷ்ணோ தேவி உருவம் பொறித்த சாதாரண ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்களைப் பல இலட்சத்துக்கு வாங்கிக்கொள்வதாகக் கூறி முன்பணம் பறிப்பவர்களும் உள்ளனர். பழைய நாணயங்களை வாங்கவோ விற்கவோ தனக்கு எந்த ஏற்பாடும் இல்லையென்றும், தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாமென்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது இவர்களைக் கருதியே.

வெளிநாட்டுத் தளங்களில் வாங்குவோர் சட்டத்தின் ஒரு கூறையும் அறிந்திருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டப்படி, நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருளாகக் கருதப்படுவதால், அதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. பன்றி ரூபாய் 2011-லும், 1922 ரூபாய் 2022-லும் இவ்வரம்புக்குள் வந்துவிட்டன. ஆறாம் ஜார்ஜின் 1938 ரூபாய்க்கு 2038 வரை காலம் உள்ளது. இலண்டனிலோ சிங்கப்பூரிலோ உள்ளவரிடம் வாங்கிய பன்றி ரூபாய் திருத்தப்பட்டது என்று கண்டறிந்தவர், அதைத் திருப்பி அனுப்பிப் பணத்தைப் பெற முனையும்போது, ஆண்டெண்தான் பொய்யே தவிர நாணயம் 1917-ஐச் சேர்ந்த மெய்யான தொல்பொருள் என்பதால் அனுப்ப வழியில்லாமல் நிற்கிறார். முழுப் போலியாக இருந்தாலும், அது தொல்பொருள் அன்று என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று பெற்றாக வேண்டிய நிலை வரும். ஆகவே வெளிநாட்டு விற்பனையாளர் தரும் திருப்பி அனுப்பும் உரிமை, இந்தியப் பழங்காசைப் பொறுத்தவரை ஏட்டளவில் மட்டுமே உள்ளது.

உள்நாட்டில் வாங்கியவருக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் வேறொரு சிக்கல் உண்டு. பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொள்ளும் விற்பனையாளர், நாணயம் வந்த நிலையிலேயே பழுதின்றித் திரும்ப வேண்டும் என்று நிபந்தனை இடுகிறார். வாங்கியவரும் தம் பணம் வந்தால் போதுமென்று அனுப்பிவிடுகிறார். சில மாதங்கள் கழித்து அதே நாணயம், அதே கீறலோடு, வேறொரு பெயரில் வேறொரு குழுவில் ஏலத்துக்கு வருகிறது. போலி என்று உறுதியானவற்றில் துளையிட்டுவிட்டுத்தான் திருப்பித் தர வேண்டும் என்று சில சேகரிப்பாளர்கள் வாதிடுகிறார்கள். துளையிட்டால் பணம் வராது என்பதால் அதைச் செய்பவர் மிகச் சிலர். நோட்டத்துக்கு வரும் நாணயங்களுள், முன்பே ஒருமுறை பார்த்துப் போலி என்று சொல்லி அனுப்பியவை மீண்டும் புதிய உரிமையாளரோடு வந்து நிற்பது இப்போது அடிக்கடி நிகழ்கிறது.